முதல் ஏடு

தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "மிரர்ல ஒரு டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு போட்டு சிங்க்கும் ஆயிடுச்சு. அவ்வளவுதானே?" மில் முதலாளி பக்கத்தில் நின்றார் போலிருக்கிறது, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாய். அந்த "அவ்வளவுதானே"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் ஒருமுறை அப்படி நினைத்தவன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அதற்கு ஐந்து மாதம் முன்னால் பட்டுக்கோட்டைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் (பேர் வேண்டாம்) லினக்ஸ் சர்வரின் முதல் டிஸ்க் போய்விட்டது. மாற்றியது நான்தான். மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் சதுர அடைப்புக்குள் ஒரு 'யூ'வும் ஒரு அடிக்கோடுமாக இருந்தது, சிங்க் முடிந்ததும் இரண்டு 'யூ' ஆனது. காபி குடித்துவிட்டு பஸ் ஏறினேன். நடுவில் இரண்டு முறை ரீபூட்டும் ஆனது, ஒரு குறையும் இல்லை.

புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் வைத்து ஆன் செய்தார்கள். மிரரில் மிச்சமிருந்த பழைய டிஸ்க் செத்திருந்தது. புதியது இருக்கிறதே என்று நம்பிப் போனால், திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. டேட்டா அத்தனையும் அந்தப் புதிய டிஸ்கில் இருந்தது. எழுப்பிவிடத்தான் உள்ளே ஆள் இல்லை.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான், யோசிக்கவில்லை. நாம் மிரர் செய்வது பார்ட்டிஷனை. டிஸ்கின் முதல் செக்டர், 512 பைட், எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லை. அதில் 446 பைட்தான் பூட் செய்கிற நிரல். மிரர் அதைத் தொடவே தொடாது. இரண்டு ரீபூட்டிலும் பயாஸ் முதல் டிஸ்கில் ஒன்றும் இல்லை என்று பார்த்து, சத்தமில்லாமல் இரண்டாவதிலிருந்து எழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. புது டிஸ்கில் கிரப்-இன்ஸ்டால் என்று ஒரு வரி அடித்திருந்தால் போதும். மீட்பு பென் டிரைவில் பூட் செய்து அந்த ஒரு வரியை அடிக்க இருபது நிமிஷம் ஆனது. சாய்ந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி நான் அங்கே போய்ச் சேர மூன்று நாள் ஆனது. உன்னுடையது புதிய யூஈஎஃப்ஐ மிஷின் என்றால் கதை வேறு மாதிரி. பூட் கோப்புகள் தனியாக ஒரு ஃபேட் பார்ட்டிஷனில் இருக்கும், அதுவும் பெரும்பாலும் மிரருக்கு வெளியேதான். இரண்டாவது டிஸ்கிலும் அதை வைத்து, பூட் வரிசையில் பதிவும் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குப் பதிற்றுப்பத்து ஞாபகம் வராமல் போகாது. சிரிக்காதே. பத்துச் சேர அரசர்மேல் பத்துப்பத்தாக நூறு பாட்டு. நம் பாபநாசத்துப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா. 1904-இல் பதிப்பித்தபோது கையில் இருந்தது எண்பதுதான். முதல் பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. நடுவில் எதுவும் காணாமல் போகாமல் தலையும் வாலும் மட்டும் ஏன் போயின? ஓலைக்கட்டைப் பார்த்தவனுக்குப் புரியும். கட்டின் மேலேடும் அடியேடும்தான் முதலில் ஒடியும், கறையானும் அங்கேதான் ஆரம்பிக்கும். எல்லாப் பிரதியிலும் அதே இரண்டு பத்துதான் இல்லை என்றால், எல்லாமே தலையும் வாலும் போன ஒரே கட்டைப் பார்த்து எழுதியவை என்பது என் ஊகம். தமிழ்ப் பேராசிரிய நண்பர்கள் இதற்காக என்னோடு சண்டை போடுவார்கள், போடட்டும். எழுதியவன் எவ்வளவு கவனமாக எழுதினாலும் கட்டில் இல்லாத முதல் ஏட்டை அவனால் எழுத முடியாது. லினக்ஸில் மிரரைப் பார்த்துக்கொள்ளும் உன் எம்டிஆடமும் அவனைப் போலத்தான், கொடுத்ததைப் பிசகாமல் எழுதும்.

தொலைந்த அந்தப் பத்துகளிலும் சில பாட்டுகள் தப்பின. எப்படி? தொல்காப்பிய உரையில் மேற்கோளாக வந்தன, புறத்திரட்டில் யாரோ தொகுத்து வைத்தார்கள். வேறு காலத்தில், வேறு காரியத்துக்காக, வேறு கட்டில் ஏறியவை. அதற்குப் பேர்தான் பேக்கப். மிரர் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று இனி யாராவது உன்னிடம் கேட்டால் இதைச் சொல். கணக்குப்பிள்ளை தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் மிரர் அந்த நொடியே இரண்டு டிஸ்கிலும் அழித்துவிடும். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் மிரரும் சேர்ந்த ரெய்டு முறை பற்றி எழுதியது டிஸ்க் கெட்டுப்போவதைச் சமாளிக்க. மனுஷன் கை தவறுவதற்கு அதில் மருந்து இல்லை.

மறுபடி பூட் விஷயத்துக்கு வருகிறேன். என் காலத்து சோலாரிஸ் இயங்குதளம், டிஸ்க் போன மிரரிலிருந்து எழும் விஷயத்தில் கறார். மிரரின் நிலைக்குறிப்பைப் பல பிரதிகளாக டிஸ்குகளில் எழுதி வைப்போம். சரிபாதி நல்லபடியாக இருந்தால் ஓடுகிற சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால், பாதிக்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக எழும். இல்லாவிட்டால் சிங்கிள் யூசரில் நின்றுகொண்டு, செத்த பிரதிகளை நீ வந்து அழி என்று சொல்லும். இரண்டே டிஸ்க், ஆளுக்கு மூன்று பிரதி என்று வைத்திருந்தால், ஒன்று போனதுமே சரிபாதிதான். மாதக்கணக்கில் ஓடும், கரண்ட் போன அன்றைக்குத்தான் தெரியும். மெட்டாடிபி என்று அடித்து, கொடிகளில் பெரிய எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று தினமும் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்படி வந்தது.

அடுத்த முறைக்குச் சில. கழற்றுமுன் ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் சீரியல் நம்பரை டிஸ்கின் ஸ்டிக்கரோடு ஒத்துப் பார். 'முதல் டிஸ்க்' என்று லினக்ஸ் சொல்வது மேல் தட்டில் இருப்பது என்று அர்த்தமில்லை, நல்லதை உருவிவிட்டு அழுதவர்கள் உண்டு. பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்கும்போது எது எங்கே போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள். எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் போய்ச்சேர வேண்டிய டிஸ்கை முதலில் சொல்ல வேண்டும், மூலம் பிறகு. மாற்றிச் சொன்னால் காலி அட்டவணை நல்ல டிஸ்கின்மேல் ஏறும். சிங்க் ஓடும் நேரத்தில் மீதமிருக்கும் டிஸ்க் தலையிலிருந்து கால்வரை படிக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே நாள் ஒரே கடையில் வாங்கியிருந்தால் ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று மாதிரி, ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வரலாம். அதனால் சிங்க்குக்கு முன்னாலேயே பேக்கப்.

இப்போது நீ செய்ய வேண்டியது. மில் ஓடாத நாளாகப் பார்த்து, முதலாளியிடம் சொல்லிவிட்டு, சர்வரை நிறுத்து. மிரரில் மிச்சமிருக்கும் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்று. புதியது மட்டும் இருக்க ஆன் செய். லாகின் வந்தால் சரி. வராவிட்டால் உன் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, புயல் இல்லை. பிறகு பழையதை மாட்டி மறுபடி சேர்த்துவிடு. எது மாறியது என்று குறித்துக்கொள்ளும் பிட்மேப் வைத்திருந்தால் சிங்க் சில நிமிஷத்தில் முடியும், இல்லாவிட்டால் முழுசாக ஓடும்.

செத்த டிஸ்கைக் காயலான் கடைக்குப் போடாதே. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய நெல் பணக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. டிரில் போட்டு நாலு ஓட்டை போடு. அதற்கு முன் திறந்து உள்ளே இருக்கும் இரண்டு காந்தத்தையும் எடுத்து வை. பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்