போலோ ஆட்டத்தில் தண்டனை அடிப் பயிற்சி

குதிரைமேல் அமர்ந்து கோலாற் பந்தடிக்கும் போலோ, நம் நாட்டு மணிப்பூரில் தொன்றுதொட்டு ஆடப்பெற்று வருவது. 1859-இல் சில்சாரிலும், 1862-இல் கல்கத்தாவிலும் கழகங்கள் தோன்ற, அவற்றின் வாயிலாக இவ்வாட்டம் மேனாடுகளுக்குப் பரவிற்று. சென்னைக்கும் இது புதிதன்று. கொலங்கா அரசர் பெயரால் அங்கு ஏற்பட்ட கோப்பை 6 அடி உயரமுடையது. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களினின்று கல்லூரி புகும் மாணவருட் பலர் இவ்வாட்டத்தை நேரிற் கண்டிரார். எனினும், இதன்கண் அமைந்த தண்டனை அடி, எவ்வாட்டம் பயில்வோரும் கருதத்தக்கதொன்றாம்.

போலோவில் பக்கத்திற்கு நால்வர் ஆடுவர். பந்து ஓடும் நேர்வழியே ஆட்டத்தின் நெறி. அந்நெறியைப் பற்றிச் செல்வோனுக்கே வழியுரிமை உண்டு. அவனுக்குக் குறுக்கே குதிரையைச் செலுத்துதல் பெருங்குற்றம். விரைந்தோடும் குதிரைகள் இரண்டு மோதுமாயின், ஆளுக்கும் குதிரைக்கும் உயிர்க்கேடு நேரும். எனவே நடுவர், குற்றத்தின் அளவிற்கேற்ப, எல்லைக்கோட்டினின்று 30, 40, அல்லது 60 கஜத்தில் பந்தை வைத்து அடிக்குமாறு பணிப்பர். கோல் கம்பங்களின் இடைவெளி 8 கஜம். 30, 40 கஜ அடிகளிற் குற்றஞ்செய்த பக்கத்தார் எல்லைக்கோட்டிற்கு அப்பால் நிற்றல் வேண்டும். கம்பங்களின் நடுவே நிற்றலாகாது. 60 கஜ அடியிலோ, பந்திற்கு 30 கஜம் விலகி நின்று தடுக்கலாம்.

அசையாது கிடக்கும் பந்தை அடித்தல் எளிதெனத் தோன்றும். ஆயின், பந்து அசையாவிடினும் குதிரை அசைகின்றது. வலக்கையொன்றாலேயே கோலை வீசி, அதன் தலைக்கட்டையின் பக்கத்தாற் பந்தைத் தாக்கல் வேண்டும். குதிரையின் நடை சிறிது பிறழினும், கண் பந்தை விட்டுக் கம்பங்களை நாடினும், அடி வழுவும்.

ஆதலின் பயிற்சி படிப்படியாக அமைதல் நன்று. முதலில் மரக்குதிரைமேல் அமர்ந்து வீச்சைச் செம்மைப்படுத்துக. பின்னர்க் குதிரையை மெல்ல நடத்தியும், அதன்பின் சீரான ஓட்டத்திற் செலுத்தியும், 30 கஜத்தினின்று அடிக்க. ஒவ்வொரு முறையும் ஒரே அளவான வட்டமிட்டு, ஒரே வேகத்திற் பந்தை அணுகுக. அது கைவந்தபின் 40 கஜம்; இறுதியில், தடுப்போர் தலைக்குமேற் பந்தை எழுப்பும் 60 கஜ அடி. களைத்த வேளையிலும் சில அடிகள் பழகுக. ஆட்டத்தின் கடைப்பகுதியில் நேரும் தண்டனை அடி, களைத்த கைக்கே வந்து சேரும்.

இப்பயிற்சியின் பயன் வெற்றியளவில் நின்றுவிடுவதன்று. தண்டனை அடி தவறிப்போகும் என்பதை எதிரிகள் அறிவரேல், குற்றஞ்செய்ய அஞ்சார், விதி வெற்றெழுத்தாய்விடும். அது தவறாது கோலாகும் என அறிவரேல், குறுக்கே பாயுமுன் கடிவாளத்தை இழுப்பர். ஆகவே மைதானத்திற் தனியே நின்று ஒருவன் பழகும் அடி, தன் தோழரின் உயிரையும், வாயில்லாக் குதிரைகளின் உயிரையும் காக்குங் காவலாகும்.

நாம் ஆடும் ஹாக்கியிலும் கால்பந்திலும் இவ்வுண்மை பொருந்தும். முறைப்படி கிடைத்த வாய்ப்பைப் பயிற்சியின்மையால் இழப்பவன், தன் பக்கத்தாரின் உழைப்பையும் இழக்கின்றான். மாணவர்காள்! ஆட்டம் முடிந்து ஏனையோர் கலைந்தபின், பத்துப் பந்துகளேனும் அடித்துப் பழகுமின்.