இடுப்பில் செருகுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது.  

துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப் போடப் போவதாகவும், என்ன வாங்கலாம் என்றும் போனில் கேட்டாய். நீ அனுப்பிய வீடியோக்களை முழுசாகப் பார்த்தேன். போனில் பேசினால் பாதி காதில் நிற்காது. அதனால்தான் கடிதம். பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் ஆயுதத்தோடு புழங்கியவன், புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் அந்த வீடியோக்களை மறந்துவிடு. அவற்றில் பேசுகிறவர்கள் வேறு நாட்டுக் கடைவீதியைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவர்கள் மெச்சும் கிளாக் பிஸ்டல் நல்ல ஆயுதம்தான். 1982-ல் ஆஸ்திரியப் பட்டாளம் எடுத்துக்கொண்டதிலிருந்து உலகமெல்லாம் போலீஸ் கையில் இருக்கிறது. ஆனால் அது சுடும் 9 எம்.எம். என்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். .38-ம் அப்படித்தான். சாதாரண உரிமதாரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32, இல்லாவிட்டால் .22. எண்பதுகளின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் பழைய வால்தர், கோல்ட், வெப்லி எல்லாம் கை மாறிக் கை மாறி லட்சக்கணக்கில் விலை போகின்றன. புதுசு வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு: .32 ரிவால்வர், .32 அஷானி பிஸ்டல், 2014-ல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் ரிவால்வர். நிர்பீக் அரைக் கிலோதான், டைட்டானியக் கலவை. வந்த புதிதிலேயே விலை 1.22 லட்சம் ரூபாய். ஆக, உன் முன்னால் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: ரிவால்வரா, பிஸ்டலா? இதை அழகைப் பார்த்தோ, எத்தனை குண்டு கொள்ளும் என்று எண்ணியோ முடிவு செய்யாதே. ட்ரிக்கரைப் பார், சேஃப்டியைப் பார்.

ரிவால்வரின் ட்ரிக்கரை நேராக இழுத்தால் அந்த ஒரே இழுப்பில் மூன்று வேலை நடக்கும். உருளை அடுத்த குண்டுக்குச் சுழலும், பின்னால் ஹேமர் எழும்பும், கடைசியில் அது விழுந்து சுடும். அதனால் இழுப்பு நீளம், கனமும் அதிகம். நான்கு ஐந்து கிலோ பலம் கேட்கும். விரல் நன்றாக உள்ளே வர வேண்டும். அந்தத் தூரத்தில் மனிதனுக்கு யோசிக்க ஒரு கணம் கிடைக்கிறது. கை நடுங்கி விரல் லேசாகப் பட்டுவிட்டால் வெடிக்காது. ஆனால் ஹேமரைக் கட்டைவிரலால் முன்பே பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் நிலைமை தலைகீழ். மிச்சம் இருப்பது இரண்டு கிலோ பலம், மயிரிழைத் தூரம். சினிமாவில் ஹேமரை 'கிளிக்' என்று இழுத்துவிட்டு வசனம் பேசுவார்கள். அதை ஒருநாளும் செய்யாதே. பயந்த மனிதனின் விரலுக்கு அந்த இரண்டு கிலோ ஒன்றுமே இல்லை.

பிஸ்டல் வேறு. .32-ல் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டால் குண்டு சேம்பரில் ஏறும், உள்ளே இயந்திரம் முழுதாக முறுக்கேறி நிற்கும். அதன்பின் ட்ரிக்கர் குட்டை, லேசு. அந்த லேசான ட்ரிக்கரைக் கட்டிப்போடத்தான் சேஃப்டி கேட்ச் என்ற சின்ன நெம்புகோல். கட்டைவிரல் நகம் அளவுகூட இருக்காது. உன் உயிரும் எதிரே நிற்பவன் உயிரும் அதன் மேல், கீழ் நிலையில் இருக்கிறது.

பட்டாளத்தில் எங்களிடம் இருந்தது 9 எம்.எம். 1ஏ, பிரவுனிங் வழி வந்தது. அதில் நெம்புகோலை மேலே தள்ளினால் பூட்டு, கீழே அழுத்தினால் சுடத் தயார். பழைய வால்தர் பிபி, பிபிகே ரகத்தில் நெம்புகோல் ஸ்லைடின் மேல் இருக்கும். அது நேர் எதிர். கீழே இறக்கினால் பூட்டு, மேலே ஏற்றினால் சுடும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றை எடுத்தால், பூட்டியதாக நினைத்துத் திறந்துவிடும், திறந்ததாக நினைத்துப் பூட்டிவிடும். இரண்டுமே ஆபத்து. பூட்டிய துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பவன் கையில் வெறும் இரும்புத்துண்டுதான் இருக்கிறது. சேஃப்டி போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் விரலை ட்ரிக்கர்மேல் வைத்துக்கொண்டு திரிகிறவன் அதைவிட மோசம். நெம்புகோலும் தேயும், நழுவும், உறையில் உரசித் திறந்துகொள்ளும். அதை நம்பி விரலை அவிழ்த்துவிடக் கூடாது.

பயம் வந்தால் உடம்பு என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வாய் உலரும், காது அடைக்கும், கைவிரல்களின் நுணுக்கமான வேலை முதலில் போய்விடும். பூட்டுக்குள் சாவி நுழையாது பார்த்திருக்கிறாயா, அந்த மாதிரி. அந்த நேரத்தில் கட்டைவிரல் அந்தச் சின்ன நெம்புகோலைத் தானாகத் தேடிப் போக வேண்டுமென்றால், ஆயிரம் தடவை போய்ப் பழகியிருக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பழக்கத்தை அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஏற்றியது. ஆயுத அறையில் வாங்கும்போது சோதனை, ரேஞ்சுக்குப் போகும்போது சோதனை, 'காலி கர்' என்று உத்தரவு வந்தால் எல்லோருடைய ஆயுதமும் ஒன்றாகத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்க்கப்படும். உனக்கு யார் அதைச் செய்வார்கள்? உரிமத்தில் எழுதிய அளவுக்குத்தான் தோட்டா வாங்க முடியும். அலமாதியில் சுடும் தளம் இருக்கிறது என்றாலும், பட்டறையை விட்டுவிட்டு மாதாமாதம் நீ அங்கே போய் நிற்கப் போவதில்லை. உன்னைக் குறையாகச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி மாதிரி இரும்பு உருக்கும் ஊரில் தொழில் நடத்துகிறவனுக்கு ஓய்வு ஏது?

அதனால் என் தீர்ப்பு இது. குறைவாகப் பழகப் போகிறவனுக்கு நீளமான, கனமான ட்ரிக்கர்தான் துணை. ரிவால்வர் வாங்கு. குண்டு இருக்கிறதா, இல்லையா என்பது உருளையைத் திறந்த மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் அப்படியில்லை. மேகசினைக் கழற்றிவிட்டு 'காலி' என்று நினைத்துத் துடைக்க உட்காருகிறார்கள். சேம்பரில் ஒரு குண்டு ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். துடைக்கும்போது வெடித்தது என்று நீ கேள்விப்பட்ட கதைகளில் பாதிக்கு மேல் இதுதான் நடந்திருக்கும். இவ்வளவு சொல்லியும் பிஸ்டல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், இடுப்பில் செருகும்போது சேம்பரைக் காலியாக வைத்து மேகசினை மட்டும் போடு. இன்னொன்று, பிஸ்டலின் .32 தோட்டாவும் ரிவால்வரின் .32 தோட்டாவும் ஒன்றல்ல. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போடக் கூடாது.

ரிவால்வர் என்றால் கவலையே இல்லை என்றும் எண்ணிவிடாதே. இந்தி நடிகர் கோவிந்தாவின் சமாச்சாரம் பேப்பரில் வந்ததே, 2024 அக்டோபர் 1-ம் தேதி. விடியற்காலையில் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் தன் உரிமம் பெற்ற ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனார், கை நழுவிக் கீழே விழுந்து வெடித்தது, குண்டு முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது என்று செய்தி. அறுவை செய்து எடுத்தார்கள். பழைய ரக ரிவால்வரில் ஹேமரின் மூக்கு நேராகத் தோட்டாவின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தரையில் மோதினால் அந்த அடி தோட்டாவுக்கே போய்ச் சேரும். பிற்காலத்து அமைப்பில் நடுவே ஒரு பாதுகாப்புத் துண்டு உண்டு. ட்ரிக்கரை முழுக்க இழுத்தால்தான் அது விலகும் அல்லது இடையில் வந்து அடியைக் கடத்தும். நீ வாங்கப் போகும் துண்டில் அது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, திறந்து காட்டச் சொல்லிப் பார். இல்லையென்றாலோ, பழைய சரக்கென்றாலோ, ஆறில் ஐந்து தோட்டா மட்டும் போட்டு ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடு. ஒரு குண்டு குறைகிறதே என்று யோசிக்காதே. நீ சண்டைக்குப் போகவில்லை.

உறை விஷயத்தில் காசு பார்க்காதே. ட்ரிக்கர் வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும், வளையாத தடித்த தோலாக இருக்க வேண்டும். கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு, காரின் டாஷ்போர்டில், இருக்கைக்கு அடியில் வைப்பதெல்லாம் கூடவே கூடாது. ஜி.என்.டி. சாலையில் லாரிக்குப் பின்னால் திடீர் பிரேக் போட்டால் அது எங்கே உருளும், யார் கைக்குப் போகும்? உறைக்குள் திருப்பிச் செருகும்போதுதான் நிறைய பேர் தொடையில் சுட்டுக்கொள்கிறார்கள். சட்டை நுனி ட்ரிக்கரில் மாட்டும். செருகும்போது அவசரம் வேண்டாம், கண்ணால் பார்த்துச் செருகு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் விண்ணப்பம் கலெக்டர் ஆபீசுக்குப் போகும், போலீஸ் விசாரித்து எழுதும். 2016 விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அதை வெறும் காகிதமாக நினைக்காமல் உட்கார்ந்து கற்றுக்கொள். உரிமம் 5 வருஷத்துக்கு. அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவின் தடாவில் சரக்கு பார்க்கப் போகும் அன்று துப்பாக்கி வீட்டில்தான் இருக்க வேண்டும். தேர்தல் அறிவித்து ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள். கல்யாணம், கோயில் திருவிழா என்று வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட 2 வருஷம் வரை ஜெயில், இல்லையென்றால் 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வானத்துக்குப் போன குண்டு எங்கோ ஒருவர் தலையில்தான் இறங்கும். 2021 டிசம்பரில் நார்த்தாமலைப் பக்கம் பயிற்சித் தளத்திலிருந்து பறந்த குண்டு, வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்து அவன் உயிரைக் குடித்ததே. அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். உன் பட்டறையின் சுவர் தகரம், அதற்கு அந்தப் பக்கம் ஒடிசா, பீகார் பையன்கள் வரிசையாகப் படுத்துத் தூங்குகிற கொட்டகை. .32 குண்டுக்குத் தகரம் ஒரு தடையே இல்லை.

இதெல்லாம் இருக்கட்டும். ஸ்கிராப் எடுக்கும் போட்டியில் ஒருத்தன் மிரட்டினான் என்கிறாய். அந்த மிரட்டலைப் பற்றி ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்தாயா? கேமரா வைத்தாயா? வாராந்தரக் கூலியை ரொக்கமாகக் கொண்டுவருவதை நிறுத்தி எல்லோருக்கும் வங்கிக் கணக்கு திறந்து கொடுத்தாயா? இந்த மூன்றையும் செய்தபின்பும் பயம் தீரவில்லை என்றால் அப்போது விண்ணப்பம் போடு. நான் கூடவே வருகிறேன், கடைக்கும் வருகிறேன், சுடும் தளத்துக்கும் வருகிறேன்.

அதற்கு முன் வீட்டில் பேசு. துப்பாக்கி வந்தால் அது உன் இடுப்பில் இருக்கும் நேரத்தைவிட வீட்டில் இருக்கும் நேரம்தான் அதிகம். உன் மூத்த பையனுக்கு ஏழு வயது, கை எட்டாத அலமாரி என்று அவனுக்கு ஒன்று கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுவான். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி வேண்டும், தோட்டா தனிப் பூட்டில் வேண்டும், சாவி உன்னிடமும் உன் மனைவியிடமும் மட்டும் இருக்க வேண்டும். உருளையைத் திறந்து காலியா என்று பார்க்க அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவளிடம் ஒளிக்காமல் சொல். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால், விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.



அன்புடன்,
உன் மாமா