சூத்தைப் பல்லு: அடைப்பதா, பிடுங்குவதா? அடைத்தால் எதை வைத்து?



கொஞ்ச நாளைக்கு முன் ஒரு காலை, பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகிற நேரம், மேல்கணக்கு அக்கா ஒருவர் தன் எட்டு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலுவலக வாசலில் நின்றார். "ஐயா, டொஃபி தின்னா பல்லைப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். பால்பல்லுதானுங்களே, புடுங்கிட்டா சரியாப் போயிரும். ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு குடுங்க" என்றார்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் பின்பக்கம், கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு ஓட்டை. நான் வைத்தியன் இல்லை. ஆனால் எண்ணத் தெரியும். முன்னால் நடுப்பல்லை ஒன்று என்று வைத்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் ஆறாவதாக வருவது அந்தப் பல்லு. அது பால்பல்லு இல்லை, அக்கா!

இது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாத விசயம். பால்பற்கள் இருபது. அவை விழுந்து வேறு முளைக்கும். ஆனால் ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக நாலு பெரிய பற்கள் வரும், மேலே இரண்டு, கீழே இரண்டு. இவை நிரந்தரப் பற்கள். ஒன்றும் விழாமல் வந்தபடியால் தாய்மார் இதையும் பால்பல்லு என்றே நினைக்கிறார்கள். பிடுங்கினால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. அறுபது வயதிலும் சோறு மெல்ல வேண்டிய பல்லை எட்டு வயதில் கழற்றிப் போடுகிறோம்.

எந்தச் சூத்தையை அடைக்கலாம், எதை முடியாது என்று வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். இனிப்போ குளிர்தண்ணியோ பட்டதும் 'சுர்' என்று கூசி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் பல்லின் நரம்பு இன்னும் கெடவில்லை. அடைத்தால் போதும். ஒன்றும் சாப்பிடாமலே, ராத்திரி படுத்த பிறகு தானாக விண்விண் என்று தெறித்தால் சூத்தை நரம்பு வரை போய்விட்டது என்று எண்ண வேண்டும். அதன் மேல் வெறுமனே அடைத்து மூடினால் வலி அடங்காது. ஒன்று, நரம்பை எடுத்து வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் வேர்க்குழாய்ச் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்குதல்தான். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, அடைப்பது என்று முடிவானால் எதை வைத்து அடைப்பார்கள்?

முதலில் தற்காலிக அடைப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கெட்டது அதில்தான். ஏறாவூரில் படித்துக்கொண்டிருந்த காலம், பதினேழு வயது இருக்கும். கடைவாய்ப் பல்லு வலிக்க, உம்மா கராம்பை நசித்து வைத்துப் பார்த்தா. நிற்கவில்லை. பல் கிளினிக்கில் வெள்ளையாக ஒரு பசையை வைத்து அடைத்து, சில கிழமையில் திரும்பி வரச் சொன்னார்கள். அதிலும் கராம்பு வாசம்தான் அடித்தது. அது துத்தநாகத் தூளையும் கராம்பெண்ணெய்ச் சத்தையும் குழைத்துச் செய்வது. பல்லை ஆறவைக்கும், வலியைத் தணிக்கும், ஆனால் மெல்லும் பாரத்தை நெடுநாள் தாங்காது. வலி நின்றதும் நான் போகவில்லை. ஓரம் உதிர்ந்து, அடியில் சூத்தை வேலை பார்த்தது. அடுத்த வருசம் ராத்திரி வலி வந்து பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு அந்தப் பக்கம் நான் மெல்லுவதில்லை. எதிரே இருந்த மேல்பல்லும் முட்டுக் கிடைக்காமல் கீழே இறங்கிவிட்டது. ஆகவே 'திரும்பி வா' என்று துண்டில் எழுதினால், வலி நின்றாலும் போக வேண்டும்.

நிலையான அடைப்பில் பழையது வெள்ளி அடைப்பு. நம் பெரியவர்கள் வாயில் கறுத்துத் தெரிகிறதே, அதுதான். வெள்ளி, தகரம், செம்பு கலந்த தூளைப் பாதரசத்தோடு குழைப்பார்கள். எடையில் பாதியளவு பாதரசம். பின்பற்களில் மெல்லுகிற பாரத்தை நன்றாகத் தாங்கும், பத்து வருசத்துக்கு மேலும் கிடக்கும், எச்சில் கொஞ்சம் பட்டாலும் கெட்டுப் போகாது. குறை என்னவென்றால் அது பல்லோடு ஒட்டாது. கழன்று விழாமல் பிடித்துக்கொள்வதற்காக நல்ல பல்லிலும் கொஞ்சம் குடைய வேண்டும். அடைத்த அன்று அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்கவும் கூடாது.

பாதரசம் என்றதும் பயம் வரும். பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கைச்சாத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் அதில் சேர்த்த விதிப்படி பால்பற்களுக்கும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், வைத்தியர் அவசியம் என்று கருதினாலொழிய, வெள்ளி அடைப்பைத் தவிர்க்க வேண்டும். அதற்காக ஏற்கெனவே வாயில் நன்றாக இருக்கும் அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்பும், பல்லும் தேயும்.

அடுத்தது பல்லு நிறத்தில் வைக்கும் கம்போசிட். பசை போல வைத்து நீல வெளிச்சம் அடித்து இறுகச் செய்வார்கள். முன்பல்லுக்கு இதுதான் அழகு. பல்லோடு ஒட்டுவதால் குடைவதும் குறைவு. ஆனால் வேலை நடக்கும் மட்டும் பல்லு உலர்ந்திருக்க வேண்டும். எச்சிலோ இரத்தமோ பட்டால் ஒட்டாது. வாயை நெடுநேரம் திறந்து வைக்க முடியாத சின்னப் பிள்ளைக்கும், முரசுக்குக் கீழே இறங்கிய ஓட்டைக்கும் இது கஷ்டம். தனியார் கிளினிக்கில் காசும் கூட.

மூன்றாவது கிளாஸ் அயனோமர் சீமெந்து. இலண்டனில் வில்சன், கென்ட் என்ற இருவர் ஆக்கி 1972இல் வெளியிட்டது. ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், பல்லோடு தானாகவே ஒட்டும், சூத்தையைத் தடுக்கும் ஃபுளோரைட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கசியவிடும். பாரம் தாங்குவதில் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான். பெரிய ஓட்டையில் வைத்தால் ஓரம் உடையும். ஆனால் பால்பல்லுக்கும் முரசோரச் சூத்தைக்கும் பொருத்தம். 1980களின் நடுவில் தன்சானியாவில், கரண்ட் இல்லாத ஊர்களில், மிசின் இல்லாமல் கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி இந்தச் சீமெந்தால் அடைக்கத் தொடங்கினார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையை எடுத்துச் சொன்னது. மிசின் சத்தத்துக்கே அலறும் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

பல்லின் பாதிக்கு மேல் போய்விட்டால் அடைப்பு நிற்காது. மேலே ஒரு உறை போட வேண்டும். அது செலவு கூடின வேலை.

நான் ஊருக்குப் போகிற பாதை பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக எங்கள் ஏறாவூருக்குப் பக்கத்துச் செங்கலடியில் முடிகிறது. பேராதனையில்தான் பல் வைத்தியர்களைப் படிப்பிக்கும் பீடமும் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. அதே மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன் தோட்டம் முதலான இடங்களில், நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற அறிஞரின் குழு 1970இல் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. பல் துலக்கும் பழக்கமே இல்லாத அந்த ஆட்களிடம் முரசு நோய் இருந்தது, பல்லு ஆடி விழுந்ததும் உண்டு. ஆனால் சூத்தைப் பல்லு அநேகமாக இல்லவே இல்லை! உலகத்துப் பல் வைத்தியப் புத்தகங்களிலெல்லாம் நம் தோட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு லயத்துக் கடையில் தொங்குகிற டொஃபிச் சரத்தையும், புள்ளமடுவத்துப் பிள்ளை போத்தலில் குடிக்கிற சீனித் தேத்தண்ணியையும் பார்க்கிறபோது எனக்கு அந்த 480 பேர்தான் ஞாபகம் வருகிறார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசு எடுப்பதில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற் சிகிச்சை நிலையங்களும் உண்டு. காசு போவது பஸ்ஸுக்கும் அன்றைய பேருக்கும்தான். அது சின்ன விசயம் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு நாள் பேர் போனால் வீட்டில் என்ன குறையும் என்று எனக்குத் தெரியும். பிடுங்க ஒரு நாள் போதும், அடைக்க இரண்டு நாள் போக நேரலாம் என்பதுதான் அந்த அக்காவின் கணக்கும். ஆறாவது பல்லைக் காட்டி விளக்கியதும், "அப்ப அடைச்சே தரச் சொல்லி எழுதுங்கையா" என்றார்.

பையனுக்குக் கிளாஸ் அயனோமர்தான் வைத்தார்கள். ஆறு மாதத்தில் வந்து காட்ட வேண்டும், தேய்ந்திருந்தால் வேறு வைக்கலாம் என்று துண்டில் எழுதியிருக்கிறது. அந்தத் திகதியை என் கொப்பியிலும் குறித்து வைத்திருக்கிறேன்.

நீங்களும் துண்டு கேட்க வரும்போது பிள்ளையின் வயது, நடுவிலிருந்து எத்தனையாவது பல்லு, ராத்திரியில் வலிக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டு வாருங்கள். கிளினிக்கில் அடைத்து முடிந்ததும், "டொக்டர், இது தற்காலிகமா, நிலையானதா? எப்ப திரும்பி வரணும்?" என்று கேட்டு, பதிலைத் துண்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.