சேற்றில் எஞ்சும் இலைமெழுகு

மாணவர்களே, இலையின் மேற்பரப்பிலுள்ள மெழுகுப்படை நீரிழப்பைக் குறைக்கின்றது எனப் படித்துள்ளீர்கள். இம்மெழுகில் நீண்ட சங்கிலி அற்ககேன்கள் உண்டு. தரைத்தாவரங்களில் 27, 29, 31 என ஒற்றை எண்ணிக்கையான காபன் அணுக்களைக் கொண்டவையே மிகுந்திருக்கும். அல்காக்களில் 17 காபன் கொண்டது முதன்மையானது. இலை உக்கினாலும் மெழுகு இலகுவில் அழிவதில்லை. ஒட்சிசன் குறைந்த சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் எஞ்சும். இவ்வாறு அடையலில் எஞ்சி, தாவரக் கூட்டத்தைக் காட்டித்தரும் சேர்வைகள் உயிர்க்குறிகாட்டிகள் எனப்படும்.

ஊர்காவற்றுறைக் கரையில் இயந்திரப் படகுகளின் எண்ணெயும் சேற்றில் கலக்கலாம். பெற்றோலியத்தில் ஒற்றை, இரட்டை எண்ணிக்கையானவை ஏறத்தாழச் சமம். ஆகவே ஒற்றையின் மிகுதியே இலைமெழுகுக்குச் சான்று.

காபனின் சமதானிகளும் உதவும். மரங்களைவிட அறுகு, சோளம், இறுங்கு போன்ற வெப்பநிலப் புற்களில் காபன்-13 சற்று அதிகம். (நெல் புல்லினமாயினும் இதில் மரங்களின் பக்கமே சேரும்.) கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால், வங்காள விரிகுடா அடையலிலிருந்த இலைமெழுகு இவ்வாறு ஆராயப்பட்டு 2012இல் முடிவு வெளியானது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1700 ஆண்டுகளுக்கு முன்புவரை அவ்வடிநிலத்தில் வரட்சி தாங்கும் தாவரங்கள் படிப்படியாகப் பெருகியமை தெரிந்தது. பேராறு தன் வடிநிலம் முழுவதன் மெழுகையும் கொண்டுவரும். ஆறில்லாத நெடுந்தீவில், சிறு குளத்துச் சேறு பெரும்பாலும் அயலிலுள்ள தாவரங்களையே காட்டும்.

வினா: நெடுந்தீவுக் குளமொன்றின் அடையலில் 29, 31 காபன் அற்ககேன்கள் மிகுந்துள்ளன. “இங்கு முன்பு பனங்காடு இருந்தது” என ஒரு மாணவன் முடிவுசெய்தான். இது சரியா?

விடை: சரியன்று. பலரும் தவறுவது இங்கேதான். இதே அற்ககேன்கள் வேம்பிலும் உண்டு, புல்லிலும் உண்டு. சமதானி அளவு மரமா, வெப்பநிலப் புல்லா எனக் கூறும். பனையா, வேம்பா எனக் கூறாது. கண்டல் மரத்தின் இலையில் தராக்செரோல் என்னும் சேர்வை பெருமளவில் இருப்பதால் கண்டற்காட்டை ஓரளவு இனங்காணலாம். வெளியிலிருந்து வந்த பெருக்குமரம் போன்ற தனியொரு இனத்தை அறிய மகரந்தமணியோ விதையோ வேண்டும். ஆனால் சுண்ணக்கல் நிலத்தில் குளம் வற்றி வளி பட்டால் மகரந்தமணிகள் சிதைந்துவிடும். ஆகவே மாதிரி எடுக்க என்றும் வற்றாத சேற்றையே தெரிவுசெய்தல் வேண்டும்.