ரவுட்டர் என்ன சொல்லிவிட்டு அணைந்தது?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. மறுநாள் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் நின்றது. ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளில் தரைத்தளம் மூழ்கியது. மின்சாரம், தொலைபேசி, செல்போன் சிக்னல் என்று ஒவ்வொன்றாகப் போயின. சென்னை அபார்ட்மென்ட்களில் ரவுட்டரும் ஸ்விட்சும் யூபிஎஸ்ஸும் பெரும்பாலும் இருக்கிற இடம் மாடிப்படிக்கு அடியில் அல்லது பார்க்கிங் ஓரத்தில். தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான்.

வெள்ளம் வடிந்த பிறகு கேள்விகள் எழுந்தன. லிங்க் எப்போது போனது? முதலில் போனது மின்சாரமா, ஃபைபரா? யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கியது? நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் முழுவதையும் கருவி தன் நினைவகத்திலேயே வைத்திருந்த இடங்களில் பதில் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கருவியோடு அதன் சாட்சியமும் மூழ்கிவிட்டது.

கோட்டூர்புரம், அடையாறு பக்கம் சிறு அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலையில் நான் மறுபடி மறுபடி பார்ப்பது ஒன்று உண்டு. புதிய ரவுட்டர் வந்து, பாஸ்வேர்டு போட்டு, இணையம் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். கடிகாரம், லாக், தொலைவிலிருந்து நுழையும் வழி, கண்காணிப்பு ஆகிய நான்கையும் இதே வரிசையில் சரிசெய்ய வேண்டும்.

கடிகாரம் முதலில்

சிஸ்கோ ரவுட்டர்கள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் அவை 1993 மார்ச் 1, நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். நவம்பர் மழையில் நடந்த கோளாறு, லாகில் ‘மார்ச் 1, 00:02:11’ என்று பதிவாகியிருக்கும். அந்த வரியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறியைப் பார்க்கலாம். இந்த நேரத்தை நம்பாதே என்று கருவியே எச்சரிக்கும் குறி அது. நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு புள்ளி இருந்தால், ஒருமுறை சரியாக வைத்த நேரம் இப்போது நேர சர்வரோடு தொடர்பில் இல்லை என்று பொருள். இரண்டும் இல்லாமல் வரி தொடங்கினால் நிம்மதி.

என்டிபி என்ற நெறிமுறை வழியாகக் கருவிகள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றன. இந்தியாவில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமும் அல்ல. மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடோ, அவற்றோடு இணைந்த சர்வர்களோடோ கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. இரண்டு சர்வர்களையாவது குறிப்பிடுங்கள். நேர மண்டலத்தையும் மறக்காமல் கொடுங்கள். ரவுட்டர் இந்திய நேரத்திலும் ஃபயர்வால் யுடிசியிலும் ஓடினால், ஒரே சம்பவம் ஐந்தரை மணி நேர இடைவெளியில் இரண்டு சம்பவங்களாகத் தெரியும். சிசிடிவியின் டிவிஆரையும் இதே கணக்கில் சேருங்கள்.

லாக் வெளியே போகட்டும்

ஒரு அலுவலகத்தில் புகார் எப்போதும் இதே தொனியில்தான் வந்தது: “சார், தினமும் சாயங்காலம் நெட் கட் ஆகுது. லைன் கொடுத்தவங்ககிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.” லாகைப் பார்த்தபோது வெளியிலிருந்து வரும் லைன் இறங்கவே இல்லை. மாடியில் இருந்த ஸ்விட்ச் மாலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கியிருந்தது. வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போடும் நேரமும் அதுதான். மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிய, யூபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் செருகியிருந்த ஸ்விட்ச் அணைந்து எழுந்தது. அணைந்ததும் அதன் சொந்த லாக் அழிந்துபோகும். செய்தி வேறொரு கணினிக்கும் போயிருந்ததால்தான் விஷயம் பிடிபட்டது. கடிகாரம் சரியாக இருந்ததால்தான் மோட்டாரோடு முடிச்சுப் போட முடிந்தது.

இப்படிச் செய்தியை வெளியே அனுப்பும் முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். 1980-களில் எரிக் ஆல்மன், தன்னுடைய சென்ட்மெயில் மென்பொருளுக்காக உருவாக்கியது. பழைய லினக்ஸ் கணினி ஒன்றில் ஆர்சிஸ்லாக் ஓடினால் ஒரு சிறு அலுவலகத்துக்குப் போதும். கருவியின் உள் நினைவகத்தை மட்டும் நம்பக் கூடாது. பல சிஸ்கோ கருவிகளில் அதற்கென ஒதுக்கியிருப்பது 4,096 பைட். சில பத்து வரிகளில் நிரம்பி, பழையது அழிந்துவிடும். அதையும் கூட்டிவைக்க வேண்டும். லிங்க் இறங்கியது என்ற செய்தி இறங்கிய லிங்க் வழியாகப் போக முடியாதே! சிஸ்லாக் வழக்கமாகப் போவது யுடிபி 514-ஆம் போர்ட்டில். செய்தி சேர்ந்ததா என்று அது திரும்பிக் கேட்பதில்லை.

செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. 0 என்றால் கருவியே பயன்படாத நிலை. 7 என்றால் பிழைதேடும் விவரங்கள். கூட்டம் குறையட்டும் என்று பலர் 4-ல், அதாவது எச்சரிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்கோவில் போர்ட் இறங்கிய செய்தி 3-ஆம் நிலை, அதனால் அது வந்துவிடும். ஆனால், கான்ஃபிக்கை, அதாவது கருவியின் அமைப்புகளை, இன்னார் மாற்றினார் என்ற செய்தி 5-ஆம் நிலை. அது வராது. கோளாறுகளில் பாதியின் விடை அந்த வரியில்தான் இருக்கும். வெளி சர்வருக்கு 6 வரை அனுப்புங்கள். 7-ஐத் தேவைப்படும்போது மட்டும் திறந்து உடனே மூடுங்கள். கன்சோலுக்கு அதை ஓடவிட்டால், 9,600 வேகத்தில் இழுபடும் அந்தக் கேபிளே ரவுட்டரை மூச்சுத்திணற வைக்கும்.

லாக் சர்வரை அதே ரேக்கில், அதே தரைத்தளத்தில் வைப்பதில் பொருளில்லை. வேறு கட்டடம் நல்லது. முடியாவிட்டால் மேல் மாடி.

உள்ளே வரும் வழி

தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழியான டெல்நெட்டில் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, 1995-ல் அங்கிருந்த டாட்டு யுலோனென் அதற்கு மாற்றாக, மறையாக்கம் உள்ள எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அதன் பிறகும் டெல்நெட் திறந்திருக்கும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. முதல் வேலையாக அதை மூடுங்கள்.

எஸ்எஸ்ஹெச்சையும் இணையத்தின் முன் அப்படியே திறந்துவைக்க முடியாது. பொது ஐபியில் 22-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டு லாகைப் பாருங்கள். சிறிது நேரத்திலேயே ‘ரூட்’, ‘அட்மின்’ என்று யார் யாரோ கதவைத் தட்டும் வரிகள் வரிசையாக விழும். 2018-ல் மைக்ரோடிக் ரவுட்டர்களின் வின்பாக்ஸ் சேவையில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் பயனர் கோப்பை வெளியிலிருந்து படிக்க முடிந்தது. அந்த ஏப்ரலிலேயே திருத்தம் வந்தும், அதைப் போடாத ரவுட்டர்கள் லட்சக்கணக்கில் கைப்பற்றப்பட்டன. அவற்றின் வழியே போன பக்கங்களில் கிரிப்டோ சுரங்க நிரல் செருகப்பட்டது. நிர்வாக போர்ட்டை இணையத்துக்குக் காட்டாதவர்களுக்கு இந்தத் தாக்குதல் எட்டவில்லை.

ஆகவே வெளியிலிருந்து வருபவர் முதலில் விபிஎன்னுக்குள் வரட்டும். சிறு இடங்களுக்கு வயர்கார்டு போதும். கருவிக்குள் நுழையும் உரிமை ஒரு நிர்வாக விலானுக்கு, அதாவது அதற்கென்று பிரித்துவைத்த உள் நெட்வொர்க்குக்கு, மட்டும் இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ‘அட்மின்’ வேண்டாம். ஆளுக்கொரு பெயர் இருந்தால்தான் லாகில் ஆள் தெரியும். நுழைய முயன்று தோற்றது, வெற்றிகரமாக நுழைந்தது என்ற இரண்டையும் பதியச் சொல்லுங்கள். நள்ளிரவில் நடந்த வெற்றி, நூறு தோல்விகளைவிட முக்கியமான செய்தி.

நெட்வொர்க்கைப் பிரித்துவைப்பது எவ்வளவு அவசியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி என்றும், முக்கிய உள் நெட்வொர்க் அதிலிருந்து தனித்தே இருந்தது என்றும் கழகம் சொன்னது.

தொலைவிலிருந்து விதிகளை மாற்றும்போது தன்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும் அபாயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு வழி கருவிகளிலேயே இருக்கிறது. சிஸ்கோவில், பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் என்று குறித்துவிட்டு, சேமிக்காமல் மாற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். ஜூனிபரில் உறுதிசெய்தால் மட்டுமே நிலைக்கும் கமிட் உண்டு. மைக்ரோடிக்கில் சேஃப் மோடு.

வெளியிலிருந்து ஒரு கண்

சென்னைக்காரர்கள் மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பிரித்ததும் செம்பரம்பாக்கம், புழல் நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். இன்றைய அளவைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஏறியது என்பதுதான் சேதி. நெட்வொர்க் கண்காணிப்பும் அதேதான். 1995-ல் டோபியாஸ் ஓட்டிகர் எழுதிய எம்ஆர்டிஜி தொடங்கி இன்றைய லிப்ரேஎன்எம்எஸ், ஸாபிக்ஸ் வரை எல்லாமே போக்கை வரைந்துகாட்டும் கருவிகள்.

இவை பெரும்பாலும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியாகக் கணக்கெடுக்கின்றன. இங்கே கவனிக்க இரண்டு. பழைய பதிப்புகளில் ‘பப்ளிக்’ என்ற வார்த்தையே பாஸ்வேர்டாக இருக்கும். அதை எடுத்துவிட்டு, மறையாக்கம் உள்ள 3-ஆம் பதிப்புக்கு மாறுங்கள். அடுத்தது எண்ணிக்கை. லிங்கில் கடந்த பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி, ஒரு கிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 34 விநாடியில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் வரைபடம் அர்த்தமற்றது. 64 பிட் எண்ணியைத் தேர்ந்தெடுங்கள்.

எச்சரிக்கைகளைக் குறைவாக வையுங்கள். இரவில் ஒருவரை எழுப்பத் தகுந்தவை நான்கைந்துதான்: லிங்க் போனது, கருவி மறுதொடங்கியது, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியது, வெப்பம் ஏறியது, லாக் வருவதே நின்றது. எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் ஒரு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். கண்காணிக்கும் சர்வர் அதே இணைய லைனுக்குள் இருந்தால், லைன் போகும்போது எச்சரிக்கையும் அதனோடு போய்விடும். வெளியிலிருந்து பார்க்க இன்னொரு இடமோ, எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு தனி சிம்மோ இருக்க வேண்டும்.

செர்ட்-இன் உத்தரவு நிறுவனங்களின் லாகை 180 நாள் வைத்திருக்கவும், தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தரவும் சொல்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தந்த கூடுதல் அவகாசமும் 2022 செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது. அலுவலகம் நடத்துபவர்களும் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர்களும் உங்கள் நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்: ரவுட்டரின் கடிகாரம் இப்போது என்ன காட்டுகிறது? லாக் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? உள்ளே வர யாருக்கெல்லாம் உரிமை இருக்கிறது? நெட் போனால் முதலில் யாருக்குத் தெரியும்? பதிலை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், திரையில் காட்டச் சொல்லுங்கள்.