நெற்றிப் பட்டை எதை அளக்கிறது?

கையால் தொடாமல் கணினி விளையாட்டில் ஒரு பொம்மையை ஓடவைக்க முடியுமா? கிளமெண்டியில் ரயிலேறி, புவன விஸ்தாவில் மாறினால் அடுத்த நிலையம் ஒன்-நார்த். ஏ-ஸ்டார் ஆய்வுக்கூடங்கள் உள்ள இடம். அந்த அமைப்பில் இருந்தபோது குவான் சுன்டாய் குழுவினர் இதைச் செய்துகாட்டினர். ஆல்வின் சானின் நியூரோ நிறுவனம் அந்த நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நெற்றியில் ஒரு பட்டை கட்டுவார்கள். கவனம் கூடினால் பொம்மை விரைந்து ஓடும். பட்டை உங்கள் எண்ணத்தைப் படித்துவிடாது, பயப்படாதீர்கள்! மூளை நரம்பணுக்கள் எழுப்பும் மின்னலைகளை மட்டுமே அளக்கும். தோலை எட்டும்போது அவை ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். சிறிய பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! கண் சிமிட்டினாலே அவை மறைந்துபோகும்.

மனநலக் கழக மருத்துவர் லிம் சூன் குவானும் மற்றவர்களும் கவனக்குறைவுச் சிக்கலுள்ள 172 சிறுவர்களிடம் இதைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரம் பயிற்சி பெற்றவர்களின் கவனக்குறைவு மதிப்பெண் சராசரியாக 3.5 குறைந்தது. வெற்றிதானே என்பீர்கள். பொறுங்கள். பயிற்சிக்காகக் காத்திருந்த குழுவுக்கும் 1.9 குறைந்திருந்தது! இடைவெளி 1.6 மட்டுமே. காத்திருந்த குழுவைச் சேர்த்ததால்தான் இது தெரிந்தது; ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அந்த 1.6-இலும் பட்டையின் பங்கு எவ்வளவு, விளையாடும் உற்சாகத்தின் பங்கு எவ்வளவு? பிரித்தறிய மூன்றாவது குழு ஒன்று வேண்டும். அக்குழுவுக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?