கடையில் கோபம் வியாபாரத்துக்கு நஷ்டம்



மாதத்தின் முதல் வாரம், மாலை நேரம். கல்லாவைச் சுற்றிக் கூட்டம். துவரம்பருப்பு கேட்டவருக்குப் பையன் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிடுகிறான். "கண்ணு எங்கேடா இருக்கு?" என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுகிறார். பருப்பை மாற்றிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அந்தச் சத்தம் தந்த காயம் ஆற எத்தனை நாளாகும்?

இதில் நஷ்டம் யாருக்கு? பதற்றத்தில் அடுத்த எடையும் தவறும். நிற்கிற வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார். இவற்றைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. திட்டுக்குப் பயந்த சிப்பந்தி தவறை மறைக்கப் பழகிவிடுவார். எண்ணெய் டின் ஒழுகுவதையும், குடோனில் மூட்டை நனைந்ததையும், பயறில் வண்டு விழுந்ததையும் வாய் திறந்து சொல்லமாட்டார். அன்றே தெரிந்திருந்தால் ஒரு மூட்டையோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் அடுக்கே பாழாகும்.

வள்ளுவர் வெகுளாமைக்கு 31ஆம் அதிகாரத்தைத் தந்ததோடு நிற்கவில்லை. ஆள்பவர் பிறர் அஞ்சும்படி நடக்கலாகாது என்பதற்கு 'வெருவந்த செய்யாமை' என 57ஆம் அதிகாரத்தையும் வைத்தார். கடையும் ஒரு சிறு அரசாங்கம்தானே!

கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. முதலில் தவறைத் திருத்துங்கள். பேச்சைக் கடை சாத்தியபின் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் செய்தாய்?" என்பதைவிட "எப்படி நடந்தது, தம்பி?" என்று கேளுங்கள். இரண்டு பருப்பு டின்களும் அடுத்தடுத்து இருந்ததே காரணமாகலாம். இடத்தை மாற்றினால் தவறும் நிற்கும்.

2. செய்த வேலையைக் குறை சொல்லுங்கள். பெற்றவர்களையும், ஊரையும், சாதியையும் இழுக்காதீர்கள்.

3. சரக்குக் குறைந்தால் கடைப் பையன் குடோன்காரரைச் சொல்வார். அவர் இவரைச் சொல்வார். மூத்தவர் சொல்வதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிட்டையை எடுத்து, இருவர் முன்னிலையிலும் மூட்டைகளை எண்ணுங்கள். இறக்கும்போதும் எடுக்கும்போதும் இருவரும் கையெழுத்திடும் வழக்கம் இருந்தால் பாதிச் சண்டை வராது.

4. பசியும் கால்வலியும் கோபத்தைக் கூட்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி, தொடர்ந்து 4 மணி நேர வேலைக்குமேல் வாங்குவதற்கு முன் 1 மணி நேர ஓய்வு தரவேண்டும். 2021இல் வந்த திருத்தம் ஊழியர்களுக்கு இருக்கை வசதியையும் கட்டாயமாக்கியது. இது சட்டத்துக்காக மட்டுமன்று. உட்கார்ந்து எழுந்தவர் நிதானமாக எடை போடுவார்.

5. மொத்த வியாபாரி பாக்கிக்கு நெருக்கிய கோபத்தைப் பொட்டலம் கட்டுபவர் மீது இறக்காதீர்கள். வார்த்தை தடித்துவிட்டால், அவர் வீட்டுக்குக் கிளம்புமுன் கூப்பிட்டு ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுங்கள். இதனால் முதலாளியின் மரியாதை குறையாது.

எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யார் கணக்கில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த சிப்பந்தி மனம் கசந்து எதிர்க்கடைக்குப் போனால், அவரோடு வாடிக்கையும் போகும். விற்றுத் தீர்ந்த சரக்கை மறுநாள் சந்தையில் வாங்கலாம். பழகிய ஆளை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.